பருவ ஊசிக்கு முன் சினைப் பரிசோதனை

திண்டுக்கல் சமவெளியில் சோளத்தட்டையும் கடலைக்கொடியும் போட்டு ஓரிரு கலப்பினப் பசுக்களை வளர்க்கும் சிறு விவசாயிகளுக்குப் பால் பணமே கைச்செலவுக்கு உதவுகிறது. கன்று ஈன்ற பசு 60 முதல் 90 நாட்களுக்குள் மீண்டும் சினை பிடித்தால்தான் ஆண்டுக்கு ஒரு கன்று கிடைக்கும். ஒரு பருவம் தவறினால் அடுத்த ஈற்று 21 நாட்கள் தள்ளிப்போகும். ஆகவே, மாடு பருவத்திற்கு வரவில்லை என்றதும் ஊசி போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது.

ஊசி செய்யும் வேலை

கருமுட்டை வெளியேறிய பின் சினைப்பையில் மஞ்சள் திரட்சி உண்டாகிறது. இதில் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன், அடுத்த பருவம் வராமல் தடுக்கிறது. புராஸ்டாகிளாண்டின் ஊசி இத்திரட்சியைக் கரைப்பதால், மாடு 2 முதல் 5 நாட்களில் பருவத்திற்கு வருகிறது. பருவம் கண்ட முதல் 5 நாட்களுக்குள் போட்டால் பலன் இராது. திரட்சியே இல்லாத மெலிந்த மாட்டுக்கும் இந்த ஊசி வீண்.

சினை கலையும் ஆபத்து

சினை மாட்டின் கருவைக் காப்பதும் இதே மஞ்சள் திரட்சிதான். பருவம் காட்டாத மாடு சினையாகவும் இருக்கலாம். மேய்ச்சலில் காளை சேர்ந்தது தெரியாமல் ஊசி போட்டால் வயிற்றுக் கன்று கலைந்துவிடும். எனவே கருவூட்டல் செய்த தேதியைக் குறித்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்த பிறகே ஊசி போட வேண்டும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இம்மருந்தைத் தொடக்கூடாது. தோல் வழியாகவும் இது உடலில் ஏறும்.

மற்ற முறைகள்

மெலிந்த மாட்டுக்கு முதலில் குடற்புழு நீக்கம் செய்து, பசுந்தீவனமும் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுத்துத் தேற்ற வேண்டும். அதன் பின்பும் பருவம் வராவிட்டால், புரோஜெஸ்டிரான் உள்ள சாதனத்தைப் பிறப்புறுப்பினுள் 7 முதல் 9 நாட்கள் வைத்து எடுக்கும் சிகிச்சையை மருத்துவர் செய்வார்.

ஊமைப் பருவ மாடுகளுக்கு ஏற்றது ஓவ்சிங்க் முறை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 1995-ல் வெளியிட்டனர். முதலில் ஜி.என்.ஆர்.எச். ஊசி, 7 நாள் கழித்துப் புராஸ்டாகிளாண்டின், மேலும் 2 நாள் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.எச். போடப்படுகிறது. கடைசி ஊசியிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்தில், பருவ அறிகுறிக்குக் காத்திராமல் கருவூட்டல் செய்யலாம்.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும், திண்டுக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும் ஆலோசனை பெறலாம். மாட்டைக் காட்டும்போது கன்று ஈன்ற தேதி, கருவூட்டிய தேதி குறித்த சீட்டையும் மறவாமல் கொண்டு செல்ல வேண்டும்.