நேரசூசியில் இருக்கிறது, மைதானத்தில் இல்லை

தரம் 8 படிக்கிற என் மருமகளின் கொப்பி மட்டையில் நேரசூசி ஒட்டியிருக்கிறது. செவ்வாய் ஐந்தாம் பாடவேளையும் வியாழன் ஏழாம் பாடவேளையும் 'சுகாதாரமும் உடற்கல்வியும்'. "போன கிழமை என்ன பிள்ளை விளையாடினீங்கள்?" என்று கேட்டேன். "செவ்வாய் கணித ரீச்சர் வந்திட்டா மாமா, தவணைச் சோதனைக்குப் பாடம் முடியேல்லையாம். வியாழன் நோட்ஸ் எழுதினாங்கள்" என்றாள். கொப்பியை வாங்கிப் பார்த்தேன். உடற்பயிற்சியால் கிடைக்கும் நன்மைகளை இலக்கமிட்டு, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். எனக்கு மனம் கனத்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் யாரும் உடற்கல்வியை நிறுத்திவிடவில்லை. தரம் 6 முதல் 9 வரை அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடம். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் போனதும் விருப்பப் பாடமாகிவிடும். எடுக்கிறவர்கள் எடுப்பார்கள், மற்றவர்களுக்கு மைதானத்தோடு உள்ள தொடர்பு அத்தோடு அறுந்துவிடும். ஆகவே எந்தப் பிள்ளையும் விடுபடாமல் ஓடியாட வாய்ப்புள்ளவை இந்த நான்கு ஆண்டுகள்தான். அந்த நான்கு ஆண்டுகளின் பாடவேளைகளைத்தான் நாம் சத்தமில்லாமல் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

கைமாறும் 40 நிமிடம்

நெடுங்காலமாக ஒரு பாடவேளை 40 நிமிடம். பாடத்திட்டம் பின்தங்கினால் கணிதமும் விஞ்ஞானமும் முதலில் கேட்பது பீ.ரி. என்று நாம் சொல்லும் உடற்கல்விப் பாடவேளையைத்தான். ஒளிவிழா ஒத்திகைக்கும் அதுவே, பரிசளிப்பு விழா ஆயத்தத்துக்கும் அதுவே. கேட்கிற ஆசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவரைப் பெறுபேற்றை வைத்துத்தான் அதிபரும் பெற்றோரும் அளக்கிறார்கள். உடற்கல்வி ஆசிரியர் "தரமாட்டேன்" என்று சொல்வதற்கு அவர் கையில் ஒன்றுமில்லை. பாடத்துக்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு என்பதால், மிஞ்சுகிற பாடவேளையும் வகுப்பறைக்குள் நோட்ஸாக முடிகிறது.

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் மைதானம் உயிர்க்கும். இல்லங்களைச் சோடிப்பார்கள், அணிநடை பழகுவார்கள். ஆனால் ஓடுவது தெரிவான பிள்ளைகள். மற்றவர்கள் இல்லக் கொட்டிலில் இருந்து கைதட்டுவார்கள். யாழ். மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதை இன்றும் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் கொட்டிலில் இருந்து கைதட்டுகிற பிள்ளைக்கும் எலும்பு வளர வேண்டும், இதயம் உரம்பெற வேண்டும். உடற்கல்விப் பாடவேளை அந்தப் பிள்ளைக்காகத்தான் இருக்கிறது.

எலும்பு சேமிக்கும் வயது

பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் திடீரென்று உயர்வார்கள். அந்த வேகமான வளர்ச்சியைச் சுற்றிய இரண்டு ஆண்டுகளில், வளர்ந்தவருக்கு இருக்கவேண்டிய எலும்புக் கனிமத்தில் ஏறத்தாழ கால்பங்கு சேர்ந்துவிடுகிறது. தரம் 6 முதல் 9 வரையான காலம் அதுதான். எலும்பு பலப்படுவதற்குச் சுமை வேண்டும். நிலத்தில் கால் மோதவேண்டும். ஓட்டம், கயிறடித்தல், வலைப்பந்தாட்டம், கெந்தித் தொட்டு எல்லாம் அந்த வேலையைச் செய்யும். இந்த வயதில் சேராததை அறுபது வயதில் கல்சியம் குளிசையால் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது சலரோகம். நம் குடும்பங்களில் அது இல்லாத வீடு குறைவு. தெற்காசியருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நிறையிலேயே, குறைந்த வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது. மெலிந்த கை கால் உள்ளவருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. தசை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவியில்லாமலே குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பயன் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். கிழமைக்கு ஒருநாள் விளையாடினால் போதாது என்பதற்கு இதுவே காரணம்.

சில பிள்ளைகளின் கழுத்துப் பின்புறமும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கும். ஊத்தை என்று நினைத்து அம்மாமார் தேய்த்துக் கழுவுவார்கள். பெரும்பாலும் அது ஊத்தையல்ல. உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். தேய்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைக்கு வந்து செய்யும் மருத்துவப் பரிசோதனை தரம் 7 பிள்ளைகளுக்கும் நடக்கும். அன்று உயரமும் நிறையும் எப்படியிருந்தன என்று பிள்ளையிடம் கேட்டு வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவைப் பரிந்துரைக்கிறது. 146 நாடுகளின் தரவுகளை வைத்துப் பார்த்ததில், 2016இல் 11 முதல் 17 வயதினரில் 81 வீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் இது 85 வீதம்.

கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும்

சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளை எடுத்து, பாதியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு 40 நிமிட வெளிப்புறப் பாடவேளையைக் கூட்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளில் 30.4 வீதத்தினருக்கும், வழக்கம்போலப் படித்தவர்களில் 39.5 வீதத்தினருக்கும் குறும்பார்வை வந்திருந்தது. 2015இல் வெளியான இந்த முடிவில் என்னைப் பிடித்துவைத்தது அந்த 40 என்ற எண்தான். நாங்கள் பழகிய ஒரு பாடவேளையின் அளவு அது. நம் பிள்ளைகள் குவாங்சோப் பிள்ளைகளைவிட மூத்தவர்கள் என்பது உண்மை; ஆனாலும் குறும்பார்வை வளர்கிற வயதை இவர்கள் இன்னும் தாண்டவில்லை.

படிப்புக் கெடாதா?

பெற்றோரின் பயம் இதுதான், அது சின்னப் பயமல்ல. போரிலும் இடம்பெயர்விலும் காணியும் வீடும் போனபோது, யாராலும் பறிக்க முடியாததாக நம் சனத்துக்கு மிஞ்சியது படிப்பு. அதனால் இந்தக் கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1970களில் ஆரம்பப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் உடற்கல்வி கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நேரத்தை மற்றப் பாடங்களிலிருந்துதான் எடுத்தார்கள். பிள்ளைகளின் பெறுபேறு விழவில்லை; சில வகுப்புகளில் சற்று உயர்ந்தும் இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் 50 ஆய்வுகளைத் தொகுத்தது. உடலசைவுக்கும் படிப்புக்கும் இடையே அங்கு பார்த்த தொடர்புகளில் பாதி நன்மையானவை, மற்றப் பாதியில் ஏறக்குறைய எல்லாம் பாதிப்பில்லாதவை, தீமையானவை 1.5 வீதம் மட்டுமே. இலினோய் பல்கலைக்கழகத்தில் 20 நிமிடம் நடந்த பிறகு சோதித்த பிள்ளைகள், சும்மா இருந்த பிறகு சோதித்ததைவிடக் கூடிய கவனத்தோடு விடையளித்தார்கள். பீ.ரி. பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுப்பதால் கணிதம் கூடும் என்பதை நாம் இதுவரை நம்பி வந்திருக்கிறோமே தவிர, அளந்து பார்த்ததில்லை.

பாடசாலைக்கு வெளியேயும் இடமில்லை

முன்பு பாடசாலையில் விளையாடாத குறை ஒழுங்கையில் தீர்ந்தது. பின்னேரமானால் கிளித்தட்டுக்குக் கோடு கீறுவோம். கிளி நடுக்கோட்டில் ஓட, மறிப்பவர்களை ஏய்த்துக் கடைசிக் கோட்டைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். இப்போது ஒன்றரைக்குப் பாடசாலை விட்டால் இரண்டரைக்கு ரியூசன். இடையில் சாப்பாடு ஒரு ரோல்ஸும் இனிப்புச் சோடாவும். பிறகு தகரக் கொட்டகையில் வாங்கில் நெருக்கமாக இருந்து ஆறு மணி வரை. சில ஆண்டுகளுக்கு முன், தரம் 9 வரையான பிள்ளைகளுக்கு வெள்ளி பின்னேரமும் ஞாயிறும் தனியார் வகுப்பு வைக்கக்கூடாது என்று யாழ். மாவட்ட மட்டத்தில் முடிவெடுத்தார்கள். அறநெறி வகுப்புக்காக எடுத்த முடிவு அது. அந்த நேரத்தில் ஒரு பங்கை விளையாட்டுக்கும் விட்டால் எவ்வளவு நல்லது.

சைக்கிளையும் சொல்லவேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் மறுபடி ஓடியது. இன்று ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கும் அம்மா ஸ்கூட்டியில் இறக்கிவிடுகிறா. வீதியைக் கண்டு பயம், நியாயம்தான். ஆனால் உள்வீதியால் போகக்கூடிய பிள்ளையை விடலாம். சைக்கிள் எலும்புக்கு அதிகம் உதவாது; இதயத்துக்கும் தசைக்கும் நன்றாக உதவும்.

பெரியபிள்ளையான பிறகு

பெண்பிள்ளைகளின் கணக்கு இன்னும் மோசம். பெரியபிள்ளையானதும் ஓட்டம் நிற்கிறது. வெள்ளைச் சீருடையோடு எப்படித் துள்ளுவது, கறை பட்டால் என்ன செய்வது என்ற பயத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "தலையிடி, சேர்" என்று மரத்தடியில் இருந்துவிடுவார்கள். கூச்சமில்லாமல் உடுப்பு மாற்ற ஒரு அறை, தண்ணீர் வருகிற கழிவறை, கால்வரை மூடுகிற விளையாட்டு உடுப்பு. இவ்வளவும் இருந்தால் பாதிப்பேர் எழுந்து வருவார்கள். மாதவிடாய் நாளில் விளையாடினால் உடலுக்குக் கேடில்லை. பலருக்கு வயிற்றுநோ குறையவும் செய்யும். கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளைப் புதுப்பித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளை. அந்தப் பாடசாலையின் பெண்கள் உதைபந்தாட்ட அணியை நாடறியும். நம் ஊர்ப் பெண்பிள்ளைக்கு மைதானம் ஒவ்வாத இடமல்ல.

என்ன கேட்கலாம்

பாடவேளையை 50 நிமிடமாக்கிப் பாடசாலையைப் பிற்பகல் 2 மணி வரை நீட்டுவதாகக் கல்வி அமைச்சு 2025இல் அறிவித்ததும், ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்ததும் நினைவிருக்கும். மணி எத்தனைக்கு அடித்தாலும், உடற்கல்விப் பாடவேளை இரவல் போகாது என்று அதிபர் ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதை வெயில் ஏறுமுன் காலை முதல் பாடவேளைகளில் போட்டால் இன்னும் நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் நண்பகலில் ஓடவிடக்கூடாது. வேப்பமர நிழலும் தண்ணீர்ப் போத்தலும் வேண்டும். மாரியில் மைதானத்தில் வெள்ளம் நின்றால் மண்டபத்தில் கயிறடிக்கலாம், யோகாசனம் செய்யலாம். இழுப்பு உள்ள பிள்ளையை நிரந்தரமாக ஒதுக்கி வைக்காதீர்கள். வைத்தியர் சொன்னபடி இன்ஹேலர் பம்பை அடித்துவிட்டு, மெதுவாக உடலைச் சூடாக்கித் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களோடு விளையாடலாம்.

பெற்றோர் கூட்டத்தில் நாம் புள்ளியைத்தான் கேட்கிறோம். இந்தத் தவணையில் எத்தனை உடற்கல்விப் பாடவேளை மைதானத்தில் நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் கேட்பதாக என் தங்கை சொல்லியிருக்கிறாள். மருமகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு கீறி வைத்திருக்கிறாள்: திகதி, பாடவேளை, மைதானம், வகுப்பறை.