வாட்டர் கலர் கற்கத் தொடங்குகிறீர்களா?

டப்பாவில் வெள்ளை இருந்தால் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான்.

போஸ்டர் கலரிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? போஸ்டர் கலர் தாளை மூடிவிடும். வாட்டர் கலரில் அடியிலுள்ள வெண்மை ஊடுருவித் தெரியும்; படத்துக்கு ஒளி அங்கிருந்துதான் வருகிறது. நிறத்தை வெளிறச் செய்ய வெள்ளை வேண்டாம், தண்ணீர் சேருங்கள்.

அப்படியானால் வெள்ளை மேகம் வரைவது எப்படி? அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். முதலிலேயே பென்சிலால் லேசாகக் குறித்துக்கொண்டு, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். அடர் நிறத்தின் மேல் வெளிர் நிறம் எடுபடாது.

தாள் அலை அலையாக நெளிகிறதா? எடை போதவில்லை. கடையில் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று கேளுங்கள். வண்ணத்தில் சிக்கனம் பிடித்தாலும் தாளில் பிடிக்காதீர்கள். நான்கு ஓரத்தையும் பலகையில் டேப்பால் ஒட்டி, முழுக்கக் காய்ந்த பிறகு பிரியுங்கள்.

வானத்தைத் திட்டில்லாமல் பூச முடியுமா? அதற்குத்தான் வாஷ் (நீர்த்த வண்ணத்தைப் பரப்பிப் பூசுவது). வண்ணத்தைத் தேவைக்கு மேலாகவே கரைத்து, பலகையைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். மேலே குறுக்காக ஒரு பட்டை இழுத்தால் அதன் கீழ் ஓரத்தில் வண்ணநீர் திரண்டு நிற்கும். அது காய்வதற்குள் அதைத் தொட்டபடியே அடுத்த பட்டையை இழுங்கள். கடைசியில் தேங்குவதைப் பிழிந்த பிரஷால் உறிஞ்சிவிடுங்கள். விட்டால் மேலேறிக் கறையாகும்.

அடுத்த நிறத்தை எப்போது வைப்பது? தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈரம் பளபளத்தால், வைக்கும் நிறம் விளிம்பின்றிப் பரவும். மேகத்துக்கும் மூடுபனிக்கும் இந்த வெட் ஆன் வெட் (ஈரத்தின் மேல் ஈரம்) முறைதான் ஏற்றது. கிளை, ஜன்னல் போலக் கூர்மையான விளிம்பு வேண்டுமானால் காயும்வரை பொறுங்கள். புறங்கையால் தொடும்போது குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. பளபளப்புப் போய் ஈரம் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரத்தில் கை வைக்கவே வேண்டாம், திட்டுத் திட்டாகிவிடும்.

காய்ந்த மஞ்சள் மேல் மெல்லிய நீலம் பூசினால் என்ன ஆகும்? பச்சை தெரியும். இது கிளேஸ் (காய்ந்த நிறத்தின் மேல் மெல்லிய அடுக்கு). ஒரே இடத்தில் தேய்க்காதீர்கள், அடியிலுள்ளது கரைந்து சேறாகும்.

தவறிவிட்டால்? ஈரமாக இருக்கும்போதே டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். காய்ந்துவிட்டால் ஈரப் பிரஷால் மெல்ல வருடி ஒற்றுங்கள். தாலோ புளூ போன்ற சில நிறங்கள் தாளில் ஊறிவிடும், முழுதாகப் போகாது.

பூசும்போது சரியாக இருந்த நிறம் காய்ந்ததும் வெளிறுகிறதே? வாட்டர் கலரின் இயல்பு அது. அதே தாளின் ஒரு துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்த பிறகே படத்தில் கை வையுங்கள்.