குடத்திலே உப்பு! கப்பலிலே இறால்!

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்குப் போன தோழர்கள் அந்தத் தள்ளுவண்டியைக் கண்டிருப்பார்கள். காய்கறி விற்கும் வண்டி அல்ல, ஐஸ் விற்கும் வண்டியும் அல்ல. வரிசை வரிசையாகக் குடங்களை அடுக்கிக்கொண்டு, தண்ணீர் தேடிப் புறப்பட்ட வண்டி! தாய் முன்னால் இழுக்கிறாள், மகள் பின்னால் தள்ளுகிறாள். வேறு மாவட்டங்களிலே வீட்டுக்கு ஒரு மிதிவண்டி இருக்கும். இங்கே வீட்டுக்கு ஒரு தண்ணீர் வண்டி!

கிழக்கிலும் தெற்கிலும் கடல் சூழ்ந்த சீமை இது. இராமேசுவரமோ நாலு பக்கமும் நீர் சூழ்ந்த தீவு. ஆறு கிடையாது, அருவி கிடையாது. ஆனாலும் அந்தத் தீவிலே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்களே, எதைக் குடித்து வாழ்ந்தார்கள்? மணலிலே ஊறிய மழையைக் குடித்து வாழ்ந்தார்கள். தனுஷ்கோடிப் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம்: கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலே மணலைத் தோண்டுவார்கள், ஊற்று சுரக்கும், சிரட்டையாலே மொண்டு குடத்தை நிரப்புவார்கள். நாவிலே வைத்தால் நல்ல தண்ணீர்! இராமநாதசாமி கோயிலுக்குள்ளே 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. பக்தர் அங்கே பாவம் தொலைக்கப் போகிறார். நாம் அங்கே பார்ப்பது, கடலோரத்துப் பாறைக்கும் மணலுக்கும் கீழே நன்னீர் நிற்கிறது என்ற உண்மையை.

அது நிற்பது எப்படி? உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆகவே மழைநீர் மண்ணுக்குள்ளே உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உப்பை அது அமுக்கிப் பிடிக்கும் என்பது அறிவியல் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்துபோனால் கீழே 40 அடி உப்பு ஏறிவிடும்! பாலின்மேல் படர்ந்த ஆடையைப்போல மெல்லியது அந்த நீர்வளம். அதைக் காப்பாற்றத் தெரிந்த ஊரார், ஊற்றை மூடி வைத்தார்கள். ஆழமாகத் தோண்ட மாட்டார்கள், அவசரப்பட்டு இறைக்க மாட்டார்கள்.

அந்த ஆடையின் தலையிலே கொண்டுவந்து உப்புநீரைக் கொட்டினால்?

இறால் பண்ணை செய்வது அதைத்தான். கடலிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ மோட்டார் வைத்து உப்புநீரை இழுத்து, வரப்பு கட்டிய குளங்களிலே மாதக்கணக்கிலே தேக்குகிறார்கள். களிமண் பூமியிலேயே அது கசியும் என்றால், மணல் பூமியிலே கேட்கவா வேண்டும்? உப்பு மேலிருந்தும் இறங்குகிறது, கீழிருந்தும் ஏறுகிறது. நடுவே இருந்த நன்னீர் நசுங்கிப் போகிறது. கிணற்றுக்குச் சொந்தக்காரன் ஒருநாள் காலையிலே வாய் கொப்பளிக்கும்போதுதான் தெரிந்துகொள்கிறான். யாரிடம் போய்ச் சொல்வான்?

கசிவு ஒரு கேடு. கழிவு இன்னொரு கேடு. இறாலுக்குப் போட்ட தீவனத்திலே தின்றது போக எஞ்சியது அடியிலே அழுகுகிறது. அதனோடு எச்சம், அம்மோனியா, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், நோய் வந்தால் மருந்து. அறுவடை முடிந்ததும் மடையைத் திறந்துவிட்டால் அத்தனையும் ஓடைக்குப் போகிறது, ஓடை கடலுக்குப் போகிறது. எந்தக் கடலுக்கு? கரைவலை இழுப்பவனும் நாட்டுப்படகுக்காரனும் நண்டுவலை போடுபவனும் பிழைக்கின்ற, இடுப்பளவு ஆழக் கடலுக்கு! பாசி எடுக்கும் பெண்கள் நாள் முழுதும் முங்கிக் கிடக்கின்ற கடலுக்கு! மன்னார் வளைகுடாவிலே 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தப் பூங்காவின் கதவைத் தட்டுகிறது இந்தக் கழிவு.

2019 செப்டம்பரிலே பாம்பன், மண்டபம் கரையோரம் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகி, நீரிலே உயிர்வளி குறைந்ததாலே வந்த கேடு அது. அதற்குக் காரணம் இறால் பண்ணைதான் என்று நாம் அடித்துப் பேசப்போவதில்லை. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அதிலே பங்கு உண்டு. ஆனால் எரு மிகுந்த நிலத்திலே களை முளைப்பதுபோல, கழிவு மிகுந்த கடலிலே பாசி பெருகும் என்பதை எந்த நிபுணரும் மறுக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலே பிறந்தவர், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். நிலமற்ற உழவருக்கு நிலம் கேட்டுத் தம் துணைவியார் கிருஷ்ணம்மாளோடு ஊர் ஊராக நடந்தவர். தஞ்சைக் கடலோரத்திலே நெல் விளைந்த பூமி இறால் குளமாக மாறுவதைக் கண்டு கொதித்து, 1994இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனார். நம்முடைய கட்சிக்காரர் அல்லர் அவர். இருந்தாலென்ன, உழைப்பவனுக்காக ஒருவர் நின்றால் அவர் தோளிலே எந்தத் துண்டு என்றா பார்ப்போம்? 1996 டிசம்பர் 11ஆம் நாள் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சாகிர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். கடற்கரையிலிருந்து 500 மீட்டர் எல்லைக்குள் உள்ள இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் இடித்து அகற்று என்றார்கள். கெடுத்தவனே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றார்கள். பண்ணைகளிலே வரும் வருமானத்தைவிட, அவற்றால் நாட்டுக்கு வரும் நட்டம் பெரிது என்று எடுத்துக் காட்டினார்கள்.

மார்ச் 31 வந்தது, போனது. பண்ணைகள் நின்றன. மறு ஆய்வு என்றார்கள், தடை என்றார்கள், ஆண்டுகள் ஓடின. 2005இல் நாடாளுமன்றத்திலே ஒரு சட்டம் வந்தது: கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். 500 மீட்டர் தடை இறால் பண்ணைக்குப் பொருந்தாது என்றது அது. எந்த நாளிலிருந்து? 1991 பிப்ரவரி 19ஆம் நாளிலிருந்து! நடந்து முடிந்த 14 ஆண்டுகளுக்கும் சேர்த்து முன்தேதி போட்டுக் கொடுத்த மன்னிப்பு! ஏழை மீனவன் படகுக் கடனுக்கு ஒரு மாதத் தவணை தள்ளிக் கேட்டால் பேனா ஓடாது. பண்ணை முதலாளிக்கு 14 ஆண்டு பின்னோக்கி ஓடுகிறது பேனா!

அந்தச் சட்டத்தோடும் சில வேலிகள் வந்தன என்பதை மறைக்க மாட்டோம். புதிய பண்ணை அலைமட்டத்திலிருந்து 200 மீட்டருக்குள் கூடாது என்றது சட்டம். 500 பேருக்குக் குறைந்த சிற்றூரிலிருந்து 100 மீட்டர், அதற்கு மேற்பட்ட ஊரிலிருந்து 300 மீட்டர், பெரிய நகரங்களிலிருந்தும் பாரம்பரிய இடங்களிலிருந்தும் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், குடிநீர் ஊற்றிலிருந்து 100 மீட்டர் விலக வேண்டும், நிலத்தடி நீரைத் தொடக் கூடாது என்றன அதன் வழிகாட்டு நெறிகள். பதிவு செய்யாத பண்ணைக்காரனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றும் இருந்தது. 2023இல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சிறையையும் எடுத்துவிட்டார்கள். இனி அபராதம் கட்டினால் போதும்!

இராமேசுவரம் தீவிலே பண்ணைகளை அகற்று என்று மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள், வழக்கு மன்றமும் ஏறினார்கள். அவர்களுடைய கேள்வி எளியது. அந்த வேலிகளை அளந்து பார்த்தவர் யார்? எந்த ஊற்றிலிருந்து எந்தக் குளம் எத்தனை மீட்டர்? பண்ணைகளைக் கவனிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலே குழு உண்டு. அளவுநாடா ஒன்று வாங்க முடியாத குழுவா அது?

2022–23இல் இந்தியாவிலிருந்து 63,969 கோடி ரூபாய்க்குக் கடல் உணவு ஏற்றுமதியாயிற்று. அதிலே உறையவைத்த இறால் மட்டும் 43,135 கோடி. அந்த இறால் கப்பலேறுமுன் சோதனைச்சாலைக்குப் போகிறது. தடைசெய்த மருந்தின் துளி எச்சம் இருந்தாலும் ஐரோப்பாக்காரன் திருப்பி அனுப்புவான் என்ற அச்சம்! நியாயமான அச்சம்தான். ஆனால் அதே குளத்தின் கழிவு ஊறுகிற கிணற்றை அப்படிச் சோதிக்க எந்த வண்டி வருகிறது?

“பண்ணையை மூடினால் அங்கே வேலை செய்பவன் கதி என்ன?” என்று முதலாளிகள் திடீரென்று தொழிலாளர் நேசர்களாக மாறிக் கேட்பார்கள். அந்தத் தீர்ப்பை முழுக்கப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஆட்குறைப்பு இழப்பீடும், அதற்கு மேலே ஆறாண்டுக் கூலியும் கொடு என்று அதே நீதிபதிகள் எழுதி வைத்தார்கள். நெல் வயலுக்கு நடவாள், களையாள், அறுப்பாள் எத்தனை பேர்! இறால் குளத்துக்கு ஒரு காவலாள், சில கூலியாட்கள், ஒரு மோட்டார். வேலையைப் பற்றிப் பேசுவதானால் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பழியெல்லாம் பண்ணைக்கே என்று சொல்லி நாம் தப்பவும் கூடாது. நகரத்துச் சாக்கடை கடலிலே கலந்தால் அதுவும் நஞ்சுதான். யாத்திரிகர் நீராடுகின்ற அக்கினி தீர்த்தக் கரையிலே கழிவுநீரும் கழற்றிப் போட்ட துணியும் சேர்வது பல காலத்துப் புகார். வீட்டுக்கு வீடு ஆழ்துளை போட்டு இறைப்பதும் உப்பைக் கூவி அழைப்பதுதான். காவிரி நீர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, நன்றுதான். ஆனால் குழாய் நீர் வருகிறது என்பதற்காகக் காலடி ஊற்றைச் சாகவிடுவது, மருமகள் வந்துவிட்டாள் என்று தாயைத் தெருவிலே விடுவது போன்றது.

ஆகவே, கடற்கரைக் கிளைகளிலே உள்ள தோழர்கள் ஊர்க் கிணறுகளையும் ஊற்றுகளையும் முதலிலே எண்ணி எழுதட்டும். எது எப்போது உப்பானது என்று பெண்களைக் கேளுங்கள், துல்லியமாகச் சொல்வார்கள். பதிவு பெற்ற பண்ணைகளின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டப்படி மாவட்டக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்திலே வைத்துப் பார்த்தால் எந்தக் குளம் விதிக்குள், எந்தக் குளம் விதிக்கு வெளியே என்பது விளங்கும். விதிக்கு வெளியே நிற்பதை அகற்றவும், மற்றவை கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டி இல்லாமல் மடை திறக்கக் கூடாதெனவும், கெட்ட கிணற்றுக்கு முதலாளியே பணம் கட்டவும் தீர்மானம் எழுதுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே 1 தொழிலாளர் நாள். இரண்டு நாளிலும் தமிழ்நாட்டிலே கிராமசபை கூடுகிறது. தீர்மானத்தைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். பக்கத்திலே அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு குவளையும் வையுங்கள், அதிகாரி குடித்துப் பார்க்கட்டும்.