வாயில்லா ஜீவனின் வலியறிவோர்



நாய் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது, அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவும் சட்டம்தான். அது மார்க்கச் சட்டம், மாற்றமில்லை. ஆனால், தாகத்தால் ஈரமண்ணை நக்கிய ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலணியில் நீர் மொண்டு புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்று அறிவித்தவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே.

நாயின் தாகத்தைத் தேடிப் பார்ப்பதையே கடமையாகக் கொண்டவர்கள் அமெரிக்காவின் அலாஸ்காவில் இருக்கிறார்கள். அங்கே 1973 முதல் ஆண்டுதோறும் 'இடிடரொட்' எனும் பனிச்சறுக்கு வண்டிப் போட்டி நடைபெறுகிறது. நோம் நகர் வரை ஏறக்குறைய 1600 கிலோமீற்றர் தூரம் நாய்களே வண்டியை இழுக்கின்றன.

போட்டிக்கு முன்னரே ஒவ்வொரு நாய்க்கும் இருதயப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து எல்லாம் உண்டு. வழியிலுள்ள தரிப்பிடங்களில் மிருக வைத்தியர்கள் காத்திருக்கின்றனர். தோலைக் கிள்ளி விடுவார்கள். அது உடனே பழைய நிலைக்கு வராவிட்டால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். பசி, எடை, நுரையீரல், பாதம், மூட்டு என ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். பாதம் கிழியாதிருக்கத் துணிச் சப்பாத்து அணிவிக்கப்படுகிறது. ஒரு தடவை 24 மணிநேரமும், இரு தடவைகள் 8 மணிநேரமும் ஓய்வு கட்டாயம். தளர்ந்த நாயை அவிழ்த்து, விமானத்தில் திருப்பி அனுப்புகிறார்கள்.

இதில் ஒரு படிப்பினை உண்டு. நீண்ட ஓட்டத்தால் இந்நாய்களின் இரைப்பையில் புண் ஏற்படுவதுண்டு. வெளியே எந்த அடையாளமும் தெரியாமலிருக்கலாம். நாய் உற்சாகமாகவே ஓடும். எனவே, முன்கூட்டியே அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுக்கிறார்கள்.

இத்தனை கவனிப்பு இருந்தும், 2024இல் இப்போட்டியில் மூன்று நாய்கள் இறந்தன. வெற்றிக்காக ஓர் உயிரை இவ்வளவு வருத்தலாமா என மிருகநல அமைப்புகள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். வருத்திவிட்டு வைத்தியம் செய்வதைவிட, வருத்தாதிருப்பதே மேல். பசியாலும் ஓயாத வேலையாலும் வாடிய ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதன் சொந்தக்காரரை அழைத்து அல்லாஹ்வை அஞ்சும்படி எச்சரித்தார்கள் அல்லவா?

சகோதரிகளே! நம் முற்றத்தில் குர்பானுக்காகக் கட்டியிருக்கும் ஆடும், குசினி வாசலில் நிற்கும் பூனையும் வாய் திறந்து நோவைச் சொல்லமாட்டா. நாம்தான் பார்த்தறிய வேண்டும். மறுமையில் இதுபற்றியும் நாம் கேட்கப்படுவோம். அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை வளர்ப்பானாக! ஆமீன்.