மின்சாரத்துக்கும் மூளை வேண்டும்!

மாலை மணி 6-30. அம்மா விளக்குப் போடுகிறாள். பையன் பாடப் புத்தகத்தை எடுக்கிறான். அப்பா மின்விசிறியைச் சுழல விடுகிறார். தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான்!

சுவிட்சைத் தட்டியதும் மின்சாரம் வந்து விடுகிறது. அதை யார் அளந்து அனுப்புகிறார்கள்?

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் தேக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெருமளவில் சேர்த்து வைப்பது எளிதல்ல. எவ்வளவு செலவாகிறதோ, அந்த விநாடியே அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து!

மனிதனுக்கு நாடி இருப்பது போல மின்சாரத்துக்கும் நாடி உண்டு. அது விநாடிக்கு 50 தடவை துடிக்க வேண்டும். செலவு மிஞ்சினால் துடிப்பு குறையும். மிகவும் குறைந்தால் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று விடும்.

60 கோடிப் பேர் தவிப்பு

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2012-ம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டு போயிற்று. இரண்டாம் நாள் மட்டும் சுமார் 60 கோடிப் பேர் வாழும் பகுதிகளில் மின்சாரம் நின்றது. ரெயில்கள் நடுவழியில் நின்றன.

தெற்கே அந்த விபத்து பரவவில்லை. அப்போது தென் மாநிலங்களின் மின்பாதை தனியாக இயங்கியதே காரணம். ஆனால் தமிழ்நாட்டுக்கு அதே ஆண்டில் வேறொரு துன்பம்: பற்றாக்குறை! சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு. கோவையிலும் திருப்பூரிலும் சிறு பட்டறைகள் முடங்கின. தெற்கில் குறைந்ததை வடக்கிலிருந்து கொண்டு வரப் போதிய கம்பிப் பாதை இல்லை.

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதை வழியாகத் தெற்கும் வடக்கும் ஒன்றாக இணைந்தன. உதவி வர வழி பிறந்தது. கூடவே பொறுப்பும் கூடியது.

சூரியன் மறைந்த பிறகு...

2024-ம் ஆண்டு மே 2-ந் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம்!

நிலக்கரியை வேண்டும்போது எரிக்கலாம். காற்றும் வெயிலும் மனிதன் சொல் கேட்குமா? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் அமைந்தது. சுமார் 25 லட்சம் தகடுகள் வெயிலைக் குடிக்கின்றன! ஆனால், வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் அவை தூங்கி விடும். முப்பந்தலில் மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசி அடிக்கும். அப்புறம் ஓய்ந்து விடும்.

ஆகவேதான் "ஸ்மார்ட் கிரிட்" என்னும் கெட்டிக்கார மின் அமைப்பை என்ஜினீயர்கள் திட்டமிடுகிறார்கள்.

பேசும் மீட்டர்

முதல் வேலை, கண்ணும் காதும் வைப்பது. கம்பி அறுந்தால் யாராவது போய்ச் சொன்ன பிறகே மின்சார அலுவலகத்துக்குத் தெரியும் என்பது பழைய முறை. புது மீட்டரோ அரைமணிக்கு ஒரு முறை கணக்கெடுத்துத் தானே அனுப்பும். எந்தத் தெருவில் மின்சாரம் நின்றது, எந்த டிரான்ஸ்பார்மரில் பளு ஏறியது, எங்கே திருட்டு நடக்கிறது என்று காட்டிக் கொடுக்கும். சென்னை தியாகராயநகரில் இத்தகைய மீட்டர்களைச் சோதனையாகப் பொருத்தினார்கள்.

இரண்டாவது வேலை, மிச்சம் பிடிப்பது. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் மின் நிலையம் உண்டு. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மலைமேல் ஏற்றுகிறார்கள். தேவை ஏறும்போது அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஏற்றுவதற்குச் செலவாவதை விட இறக்கும்போது கிடைப்பது குறைவுதான். ஆனாலும் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறதே!

மூன்றாவது வேலை, செலவை நேரம் பார்த்து மாற்றுவது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விவசாய பம்புசெட்டுகள் உள்ளன. முறை வைத்து மின்சாரம் விட்ட காலத்தில், நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்தார் விவசாயி. காலடியில் பாம்பு இருக்குமோ என்ற பயம்! நண்பகல் வெயில் மின்சாரத்தைப் பம்புகளுக்குத் திருப்பி விட்டால், மாலைப் பளு குறையும். அவரும் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஏழை வீட்டுக் கேள்வி

"புது மீட்டர் வந்தால் பில் ஏறுமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி! மீட்டர் அளக்கும் கருவிதான். அதுவே விலையைக் கூட்டாது. ஆனால் மாலை நேர மின்சாரத்துக்கு விலை கூடுதல் என்று விதித்தால்? வசதி உள்ளவர் துணி துவைக்கும் எந்திரத்தைப் பகலில் ஓட்டிக் கொள்வார். பகலெல்லாம் கூலி வேலை செய்து, இரவில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போடுகிறவர் எதை மாற்றுவார்? முன்பணம் தீர்ந்ததும் இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டால், நோயாளி படுத்திருக்கும் வீட்டின் கதி என்ன?

இந்தக் கேள்விகளுக்கும் பதில் எழுதினால்தான் திட்டம் முழுமை பெறும்.

1932-ல் நீலகிரியின் பைக்காராவில் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது கோவையின் ஆலைகளை ஓட்டியது. அன்றைய கவலை, மின்சாரத்தை ஊருக்குக் கொண்டு வருவது. இன்றைய கவலை, வந்த மின்சாரத்தை வீணாக்காமல், யாரையும் இருட்டில் விடாமல் பங்கிட்டுக் கொடுப்பது.

கம்பிக்கு மூளை வந்தால் மட்டும் போதாது. கொஞ்சம் இதயமும் வேண்டும்!