தோளில் துணி போட்டால் அடி!
37 வருடம் பணியாத குமரிப் பெண்கள்

நாகர்கோவில் வடசேரி சந்தைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். தலையில் கூடை, இடுப்பில் குடம், தோளில் முந்தானை. பெண்கள் பேரம் பேசுகிறார்கள். "இந்த விலைக்குத் தந்தா தா, இல்லன்னா போறேன்" என்று முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

200 வருடங்களுக்கு முன்பு இதே மண்ணில் அந்த முந்தானைக்கு அடி விழுந்தது. நடுச் சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள்.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்பு, ராஜா ஆட்சி இருந்தவரை, திருவனந்தபுரம் ராஜா வைத்ததுதான் இங்கே சட்டம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, எல்லாம் திருவிதாங்கூர் சீமை.

மரியாதையாம்!

அந்தச் சீமையில் நாடார், ஈழவர், இன்னும் அவர்களுக்கும் கீழே என்று தள்ளி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் திறந்த மேனியோடுதான் நிற்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மரியாதை!

இந்த "மரியாதை" படிப்படியாக மேலே போனது. நாயர் பெண்களும் நம்பூதிரி முன்னால் மேல்துணியை எடுத்துத்தான் நிற்க வேண்டும். தனக்கு மேலே உள்ளவனுக்குக் குனிந்தவர்கள், தனக்குக் கீழே உள்ளவனைக் குனிய வைத்தார்கள்.

துணி மட்டும் அல்ல. நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை கூடாது. பசுவில் பால் கறக்கக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். சர்க்காருக்குக் கூலி இல்லாமல் ஊழியம் செய்ய வேண்டும்.

(சேர்த்தலை நங்கேலியின் முலைவரிக் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். அது வாய்வழியாக வந்த கதை. இங்கே சொல்வது சர்க்கார் உத்தரவுகளிலேயே பதிவான சங்கதி.)

பாதி அனுமதி

திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்தவர் கர்னல் மன்றோ. கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த பெண்கள் மேனியை மறைத்துக் கொள்ளலாம் என்று அவர் காலத்தில் உத்தரவு வந்தது. ஆனால் 1814-ல் அதற்கு ஒரு வேலி போட்டார்கள். சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளைமாரும் போடுவது போலக் குப்பாயம் போடலாம். மேல்சாதிப் பெண்கள் போடும் தோள்சீலை மட்டும் கூடாது!

நாகர்கோவிலில் இருந்த மிஷனரி வீட்டு அம்மாமார்கள் தளர்வாக ஒரு குப்பாயம் தைத்துக் கொடுத்தார்கள். பெண்கள் அதைப் போட்டுக் கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் சண்டையே வந்திருக்காது.

அவர்கள் நிற்கவில்லை. குப்பாயத்துக்கு மேலே சீலையையும் போர்த்திக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். வெயிலுக்கு அந்தக் குப்பாயமே அதிகம். அதற்கு மேல் சீலை எதற்கு? எது கூடாது என்று சொன்னார்களோ, அதற்குத்தான்!

1822-ல் கல்குளம் பக்கம் அடிதடி தொடங்கியது. வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போனது. 1823-ல் தீர்ப்பு பெண்கள் பக்கம் வந்தது. ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு சந்தைக்கு வந்து சேரவில்லை. 1827, 1828-ல் கல்குளம், இரணியல், விளவங்கோடு வட்டாரங்களில் பெண்களை வழிமறித்து அடித்தார்கள், சீலையைப் பறித்துக் கிழித்தார்கள். ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன.

சர்க்கார் என்ன செய்தது? அடித்தவனை விட்டுவிட்டு, அடி வாங்கியவளுக்கு உத்தரவு போட்டது. 1829 பிப்ரவரி 3-ந் தேதி ராணி கௌரி பார்வதி பாய் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் தோள்சீலை போடக் கூடாது. குப்பாயம் வேண்டுமானால் போட்டுக் கொள்ளலாம். ஊழியமும் மற்றவர்களைப் போலச் செய்தே ஆக வேண்டும்.

தலைப்பாகை கட்டு!

பெண்கள் சந்தையில் அடி வாங்கிக் கொண்டிருந்த காலத்தில் சாமித்தோப்பில் இன்னொரு குரல் கேட்டது. 1809-ல் பிறந்த அய்யா வைகுண்டரின் குரல். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். "முடி"யும் "பெருமாளு"ம் உனக்கு எதுக்கு என்று மேல்சாதிக்காரர்கள் மிரட்டியதால் முத்துக்குட்டி என்று மாற்றினார்களாம். பெயரில்கூட நிமிர விடவில்லை!

அவர் தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லா சாதியும் தண்ணீர் எடுக்க ஒரே கிணறு வைத்தார். சுவாதித் திருநாள் ராஜா காலத்தில் பிடித்துக் கொண்டுபோய்த் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள். வெளியே வந்தார். தலைப்பாகை இறங்கவில்லை. சாமித்தோப்புப் பதிக்குப் போகிற ஆண்கள் இன்றைக்கும் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள்.

மீண்டும் தீ

1858 கடைசியில் சண்டை மறுபடியும் வெடித்தது. டிசம்பரில் திவான் மாதவராவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பழைய வழக்கத்தை நாடார்கள் மீறக் கூடாது. மேல்சாதியார் தாங்களாகவே தண்டிக்கவும் கூடாது. ரெண்டு பக்கமும் நியாயம் பேசுவது போலத் தெரிகிறது அல்லவா? ஊரில் அதைப் படித்தவர்களுக்கு முதல் பாதி மட்டும்தான் கண்ணில் பட்டது. 1859 ஜனவரியில் வீடுகள் கொளுத்தப்பட்டன. பெண்களின் துணி மறுபடியும் கிழிந்தது.

திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஒருவர் இருந்தார். பெயர் கல்லன். 1840-ல் இருந்தே அந்த நாற்காலியில் இருந்தவர். எல்லாம் தெரியும். ஆனாலும் சமஸ்தானத்தின் பக்கமே நின்றார். இப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் மேலிடத்தில் மட்டுமா? சந்தையில் ஒரு பெண்ணின் துணியைப் பிடித்து இழுக்கும்போது சுற்றி எத்தனை பேர் நின்றிருப்பார்கள்! உப்பு வாங்க வந்தவன், மீன் விற்க வந்தவள், காளை பிடித்து நின்றவன். அடித்தவர்களைவிட அவர்கள்தானே அதிகம்? "நமக்கு எதுக்குப் பொல்லாப்பு" என்று அன்றைக்கு நகர்ந்து போனவர்களைப் பற்றி எந்த ஆவணத்திலும் ஒரு வரி கிடையாது.

சென்னைக்குப் புதிதாக கவர்னராக வந்த சார்லஸ் டிரவெலியன் வாயைத் திறந்தார். இது என்ன அநியாயம் என்று நெருக்கினார். 1859 ஜூலை 26-ந் தேதி உத்திரம் திருநாள் ராஜாவின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் எல்லோரும், எந்த மதமானாலும், குப்பாயம் போடலாம். முக்குவப் பெண்கள் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். எப்படியும் மறைத்துக் கொள்ளலாம்.

கடைசியில் ஒரு வால்: மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது!

அந்த வாலை யார் மதித்தார்கள்? பெண்கள் இஷ்டப்படி உடுத்தினார்கள். 1865-ல் மற்றத் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களுக்கும் அந்த அனுமதியை விரித்தார்கள்.

1955 டிசம்பர் 1-ந் தேதி அமெரிக்காவில் மாண்ட்கோமரி ஊரில் ரோசா பார்க்ஸ் என்ற கருப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளைக்காரனுக்கு சீட்டை விட்டு எழ மாட்டேன் என்றார். கைது செய்தார்கள். அந்த ஊர்க் கருப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. உலகம் முழுவதும் அவர் பெயர் தெரியும். அதற்கு 130 வருடங்களுக்கு முன்பே இங்கே சந்தைக்கு சீலை போர்த்திப் போன பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

"அதை விடு மக்கா"

இந்த மாவட்டத்தில் பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஊழியம் பற்றிச் சொல்வார்கள், தலைப்பாகை பற்றிச் சொல்வார்கள். சீலை விஷயம் வந்தால் குரல் இறங்கிவிடும். "அதை விடு மக்கா, பிள்ளைங்க இருக்கு." நம் வீட்டுப் பெண்களை இப்படி வைத்திருந்தார்கள் என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சம் புரியாதது அல்ல. ஆனால் கூச்சப்பட வேண்டியவர்கள் துணியைக் கிழித்தவர்கள் அல்லவா?

பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இந்தத் தகராறு வந்தது. மத்திய அரசின் 9-ம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் தோள்சீலைச் சண்டை பற்றி ஒரு பகுதி இருந்தது. 2012-ல் அதற்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாடார்கள் வெளியில் இருந்து பிழைக்க வந்தவர்கள் என்பது போல எழுதியிருந்தது பலரைக் கொதிக்க வைத்தது. கோபத்தில் நியாயம் இருந்தது. தப்பைத் திருத்தியிருக்கலாம். 2016 டிசம்பரில், அந்தப் பகுதியில் இருந்து பரீட்சைக்குக் கேள்வி வராது என்று சி.பி.எஸ்.இ. அறிவித்தது. 2019-ல் உடை பற்றிய அந்தப் பாடம் முழுவதையுமே புத்தகத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். தப்போடு சேர்ந்து, அடி வாங்கியும் பணியாத பெண்களும் போய்விட்டார்கள்.

2023 மார்ச் 6-ந் தேதி நாகர்கோவில் நாகராஜா திடலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டு விழா நடந்தது. தமிழ்நாட்டு முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினும் கேரள முதல்-மந்திரி பினராயி விஜயனும் ஒரே மேடையில் இருந்தார்கள். வீட்டுக்குள் குரலை இறக்கிச் சொன்ன சங்கதியை அன்றைக்கு மைக் வைத்துப் பேசினார்கள். அந்தத் திடலில் இருந்து வடசேரி சந்தை நடந்து போகிற தூரம்தான்.