பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு

குடும்பக் கணக்கெடுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது.

திருப்பூரில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால், முதல் வேலை லிஸ்டிங். தெருத்தெருவாக நடந்து எல்லா வீட்டுக்கும் எண் போடுவோம். மாடிப் போர்ஷன், சந்துக்குள் இருக்கும் லைன் வீடுகள், கட்டடம் எழும்பும் இடத்தில் வாட்ச்மேன் குடும்பம் தங்கியிருக்கும் தகரக் கொட்டகை, ஒன்றும் விடக் கூடாது. இங்கே விட்டுப்போன வீட்டை அப்புறம் எந்தக் கணக்காலும் உள்ளே கொண்டுவர முடியாது. 330 வீடுகள் தேறி, அதில் 22 வேண்டுமென்றால், பதினைந்துக்கு ஒன்று. முதல் எண் மட்டும் 1 முதல் 15-க்குள் குலுக்கலில் வரும். 6 வந்தால், அடுத்து 21, 36, 51 என்று 321 வரை போகும். அவ்வளவுதான் கணக்கு. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"ஏனுங்கம்மா, அந்த வீட்டுல ராத்திரி வரைக்கும் ஆள் இருக்காதுங்க. பனியன் கம்பெனிக்குப் போறவங்க. எங்க வீட்டுல எழுதிக்குங்களேன்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பவர்களையே எழுதிக்கொண்டு போனால், இந்த ஊரில் பெண்கள் பெரும்பாலும் வேலைக்கே போவதில்லை என்று தாள் சொல்லும். ஷிஃப்டுக்குப் போகும் தாயும், ஒடிசாவிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களும் அந்தத் தாளில் இருக்கவே மாட்டார்கள். அதனால் சாயங்காலம் போவோம், ஞாயிற்றுக்கிழமை போவோம். அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்றே எழுத வேண்டும். பக்கத்து வீட்டை அதற்குப் பதிலாகப் போடக் கூடாது.

நிறையப் பேரைக் கேட்டால் சரியாகிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்பு 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் எடுத்தார்கள். பொருளாதார மந்தக் காலம் அது. போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? திரும்பி வந்தவை சுமார் 24 லட்சம். ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். பதில் போடாத அந்த 76 லட்சம் பேரும் என் கண்ணுக்குப் பூட்டிய வீடுகள்தான்.

அதே தேர்தலில் ஏறக்குறைய 50,000 பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னவர் ஜார்ஜ் கேலப். அவரும் 1948 அதிபர் தேர்தலில் சறுக்கினார். ஆண் இத்தனை, பெண் இத்தனை, இந்த வயதில் இத்தனை என்று எண்ணிக்கை கொடுத்துவிட்டு, ஆளைப் பிடிக்கும் பொறுப்பைக் களத்துக்குப் போனவரிடமே விட்டிருந்தார்கள். கைக்கு எட்டியவரைத்தானே யாரும் பிடிப்பார்கள்! டியூயி வெல்வார் என்றார்கள், ட்ரூமன் வென்றார்.

முழுக்கக் குலுக்கல் முறையில் எடுத்த 1,000 பேர், ஒரு நகரத்துக்கானாலும் ஒரு நாட்டுக்கானாலும், பெரும்பாலும் மூன்று சதவீதப் புள்ளி முன்பின்னாக உண்மையைக் காட்டிவிடுவார்கள். எனவே 'பத்து லட்சம் பேரிடம் கருத்துக் கேட்டோம்' என்று யாராவது சொன்னால், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டு எண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு எங்களில் ஒருவர் வந்தால், அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். சந்தேகம் தீர்ந்ததும் பதில் சொல்லுங்கள். தயவுசெய்து பக்கத்து வீட்டைக் கை காட்டாதீர்கள். இப்போது நேரமில்லை என்றால் எப்போது வரலாம் என்று சொல்லுங்கள், வருகிறோம்.